ரேகைச் சட்டமும் ரோசாப்பூ துரையும்

மதுரை வழக்கறிஞர்கள்: வரலாற்றுத் தொடர்

எந்தக் கோர்ட்டும் தன்னைக் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு சட்டம் தனக்குத்தானே வேலி போட்டுக்கொள்ளுமா? குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுக்கொண்டது. 1871-இல் வட இந்தியாவுக்கென்று பிறந்து, 1911-இல் திருத்தப்பட்டு, சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்த சட்டம் அது. எந்தக் கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அறிவிப்பது என்பது அரசாங்கத்தின் விருப்பம். அறிவித்துவிட்டால், அந்த அறிவிக்கை செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிபதியும் விசாரிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. கட்சிக்காரன் குற்றம் செய்யவில்லை என்று வாதாட வக்கீலுக்குத் தெரியும். அவன் பிறந்ததே குற்றம் என்று சட்டப் புத்தகம் சொல்லிவிட்டால் எதை எடுத்து வாதாடுவது?

மதுரையில் இந்தச் சுவரில் முட்டியவர் ஒரு மலையாளக் கிறிஸ்தவர். பெயர் ஜார்ஜ் ஜோசப். கோட்டில் ரோசாப்பூ வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு என்பதால் கிராமத்து ஜனங்கள் அவரை ரோசாப்பூ துரை என்றார்கள்.

சென்ற பகுதியில் வ.உ.சி.யைப் பார்த்தோம். ஓட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் பார்த்து, கப்பல் ஓட்டி, 1908-இல் சிறைக்குப் போய், அதனாலேயே வக்கீல் சன்னதையும் இழந்த மனிதர் அவர். ஜார்ஜ் ஜோசப்பின் கதை வேறு மாதிரி தொடங்குகிறது. 1887 ஜூன் 5-ஆம் தேதி திருவிதாங்கூரின் செங்கன்னூரில், வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பிற்காலத்தில் இந்தியப் பத்திரிகை உலகில் பெரும் பெயர் எடுத்த போத்தன் ஜோசப் இவருடைய தம்பி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படிப்பு, எடின்பரோவில் தத்துவத்தில் எம்.ஏ., லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டம். 1909-இல் ஊர் திரும்பினார்.

அந்தக் காலத்தில் சீமைக்குப் போய் வந்த பாரிஸ்டருக்கு இடம் சென்னை ஹைகோர்ட்டுதான். வெளியூர்க் கோர்ட்டுகள் வக்கீல்களுக்கும் பிளீடர்களுக்கும் உரியவை. ஜோசப்பும் சென்னையில்தான் தொடங்கினார். ஆனால் வெகுசீக்கிரம் மதுரைக்கு வந்துவிட்டார். சாதியும் ஊரும் குடும்பமும் பார்த்து வக்கீல் வைக்கும் மதுரையில் அவருக்கு இந்த மூன்றுமே கிடையாது. அப்படியும் தொழில் நன்றாக நடந்தது. வருமானம் தாராளமாக வந்தது. பின்னால் இந்த வருமானத்தை அவர் உதறியதைச் சொல்லும்போது, உதறியது எவ்வளவு பெரியது என்பதற்காக இதைக் குறித்துவைக்கிறேன்.

சிறிய ஊர் வக்கீல் அரசியலுக்குப் போவது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை இல்லை. அமெரிக்காவில் லிங்கன் 1837-இல் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற சின்ன ஊரில்தான் தொழில் தொடங்கினார். இல்லினாய் மாநிலத்தில் கோர்ட்டு ஊர் ஊராகப் போகும். நீதிபதியோடு வக்கீல்களும் குதிரையிலும் வண்டியிலும் கூடவே போவார்கள். ஜனங்களின் மனசு லிங்கனுக்குப் பிடிபட்டது அந்தப் பயணங்களில்தான் என்பார்கள். ஆனால் அதே லிங்கன் 1847-இல், மேட்சன் என்பவருக்காக, ஓர் அடிமைத் தாயையும் பிள்ளைகளையும் மீட்டுக் கொடுக்கச் சொல்லி வாதாடவும் செய்தார். அந்த வழக்கில் தோற்றார். அந்தக் குடும்பம் விடுதலை பெற்றது. வந்த கட்சிக்காரனுக்கு வாதாடுவதே தொழில் தர்மம் என்று வக்கீல்கள் சொல்வதுண்டு. எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. எந்தத் திண்ணையில் போய் உட்காருவது என்பதை வக்கீலும் தீர்மானிக்கிறார். ஜோசப் எங்கே போய் உட்கார்ந்தார் என்பதில்தான் அவருடைய வாழ்க்கை இருக்கிறது.

இந்தத் தொடரை எழுதும் விளாங்குடி, வைகையின் வடகரை. இங்கிருந்து ஆற்றுக்கு அக்கரையில் நாகமலை நீளமாகத் தெரியும். அதையும் தாண்டினால் சமணர் மலை. அதன் அடிவாரத்தில் கீழக்குயில்குடி. சமணர் மலைச் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அந்த ஊர் வழியாகத்தான் ஏறுகிறார்கள். கைரேகை எடுப்பதால் ஜனங்கள் ரேகைச் சட்டம் என்று சொன்ன அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரை வட்டாரத்தில் முதலில் பாய்ந்தது அந்த ஊர் மேல்தான், 1914-இல்.

ஏன் கள்ளர்கள் மேல் பாய்ந்தது என்பதற்கு நிலத்தையும் நீரையும் பார்க்க வேண்டும். பிரமலைக் கள்ளர்களின் நாடு திருமங்கலத்துக்கு மேற்கே, உசிலம்பட்டியைச் சுற்றிய வானம் பார்த்த பூமி. பல தலைமுறையாக ஊர்க் காவல் அவர்கள் கையில் இருந்தது. காவலுக்கு ஊர்கள் கூலி கொடுத்தன; களவு போன மாடு திரும்ப வேண்டுமென்றால் துப்புக்கூலி கொடுத்தன. இந்த ஏற்பாட்டில் வன்முறை இருந்தது, மிரட்டலும் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அது ஒரு பிழைப்பாகவும் இருந்தது. வெள்ளைக்காரன் போலீஸ் வந்ததும் காவல் உரிமை சட்டத்துக்குப் புறம்பானது. 1896-இல் திண்டுக்கல் பக்கத்து ஊர்கள் ஒன்றுகூடிப் பணம் திரட்டி, 'பண்டு' வைத்து, கள்ளர் காவலே வேண்டாமென்று விரட்டின. அதற்கு முந்தின ஆண்டு, 1895-இல், பெரியாறு அணை முடிந்து மேற்கே ஓடிய ஆறு கிழக்கே திரும்பியது. அந்தத் தண்ணீர் பேரணையில் பிரிந்து, வைகையின் வடகரை வழியே மேலூர்ப் பக்கம் போயிற்று. வடகரை பச்சை பிடித்தது. உசிலம்பட்டிச் சீமைக்கு ஒரு சொட்டு வரவில்லை. காவல் கூலியும் போய், பாசனமும் வராத ஒரு ஜனத்துக்கு அரசாங்கம் கொண்டுவந்து கொடுத்தது கைரேகைப் பதிவேடு.

பதிவேட்டில் பெயர் ஏறிய ஆணின் விரல்கள் பத்தையும் மையில் தோய்த்து எடுத்துக்கொள்வார்கள். ஊரை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதை ராத்திரிச் சீட்டு என்று ஜனங்கள் சொன்னார்கள். இரவு 11 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் ஆஜர் கொடுக்க வேண்டும் என்ற விதியால், ஆம்பளைகள் போலீஸ் ஸ்டேஷனிலோ சாவடியிலோ படுத்தே கிடந்தார்கள். நேற்றுக் கல்யாணம் ஆனவனும் அங்கேதான், தகப்பன் சாகக் கிடப்பவனும் அங்கேதான். குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாவது முறை தண்டனை பெற்றால் குறைந்தது 7 ஆண்டு. மூன்றாவது முறை என்றால் ஆயுள் முழுக்க நாடு கடத்தல். முதலில் ஓர் ஊர், பிறகு சில ஊர்கள் என்று தொடங்கி, 1918-க்குப் பிறகு பிரமலைக் கள்ளர் என்று பிறந்த எல்லாரையும் இந்த வலை மூடியது. படித்தவன், உழுகிறவன், ஒரு வழக்கும் இல்லாதவன் என்ற பேதம் கிடையாது.

இதற்குள் வக்கீலுக்கு இருந்த இடுக்கு மிகச் சின்னது. பதிவேட்டில் தன் பெயர் ஏறியது தவறு என்று ஒருவன் முறையிடலாம். ஆனால் முறையீட்டைக் கேட்பவர் ஜில்லா மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர். எந்த நிர்வாகம் பதிவு செய்யச் சொன்னதோ அதே நிர்வாகத்தின் மேசைக்கே காகிதம் திரும்பிப் போகும். ஆஜர் தவறினான், சீட்டில்லாமல் அகப்பட்டான் என்று போலீஸ் போடும் வழக்குகளில் ஒவ்வொருவனுக்காகவும் தனித்தனியாக நின்று வாதாடலாம். மனு எழுதலாம். மேடை ஏறிப் பேசலாம். ஜோசப் இத்தனையும் செய்தார். கூலி கொடுக்க முடியாத கட்சிக்காரர்களுக்காக, ஜெயிக்கவே முடியாதபடி எழுதப்பட்ட ஒரு சட்டத்தின் முன்னால் திரும்பத் திரும்பப் போய் நின்றார்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று ஜனங்கள் மறித்தார்கள். ஆயுதப் போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அவர்களில் ஒருத்தி மாயக்காள். குண்டடி பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று அந்த ஊர் சொல்கிறது. ஜாலியன் வாலாபாக் நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம் அது. அமிர்தசரசுக்காக நாடு முழுக்கக் கடையடைத்துக் கண்ணீர் விட்டது. பெருங்காமநல்லூருக்கு அப்படி யாரும் அழவில்லை. இன்றும் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? செத்தவர்களை அரசாங்க அறிவிக்கை ஏற்கெனவே குற்றப் பரம்பரை என்று எழுதிவைத்திருந்தது. இந்த மௌனத்துக்கு அதைவிட வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஜோசப்பை இந்த ஒரு சட்டத்தோடு மட்டும் நிறுத்திவிடக் கூடாது. மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்வி கம்பெனியின் மில் இருந்தது. தூத்துக்குடியில் வ.உ.சி. எந்த ஹார்விகளின் கோரல் மில்லில் 1908-இல் வேலைநிறுத்தம் நடத்தினாரோ, அதே ஹார்விகள். 1918 வாக்கில் அந்த மதுரை மில் தொழிலாளிகளுக்குச் சங்கம் அமைத்தவர்களில் முதன்மையானவர் ஜோசப். கூலி கொஞ்சம் உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது. பிறகு முதலாளியும் சர்க்காரும் சேர்ந்து சங்கத்தை முடக்கினார்கள். அதே 1918-இல், விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பேசிய பேச்சுக்காக டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு மேல் ராஜத்துரோக வழக்கு வந்தது. சேலத்திலிருந்து ராஜாஜி வந்து வாதாடினார். கூட இருந்து உதவியவர் ஜோசப். ஹோம் ரூல் இயக்கக் காலத்தில், இங்கிலாந்துக்குப் போய்ப் பேச அன்னி பெசன்ட் அனுப்பிய குழுவில் புறப்பட்டு, ஜிப்ரால்டரில் மடக்கித் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். 1919-இல் ரௌலட் சட்டத்துக்கு எதிராக மதுரையில் கடையடைப்பும் உண்ணாவிரதமும் கூட்டமும் நடத்தியது அவர்தான். மதுரைக்கு வந்த காந்தி அவருடைய வீட்டில் தங்கியதுண்டு.

பிறகு ஒத்துழையாமை. கோர்ட்டைப் புறக்கணியுங்கள் என்று காந்தி சொன்னபோது ஜோசப் தொழிலைக் கைவிட்டார். மோதிலால் நேரு நடத்திய 'இண்டிபெண்டன்ட்' பத்திரிகைக்கு ஆசிரியராக அலகாபாத் போனார். 1921 டிசம்பரில் கைது. பத்திரிகையின் ஜாமீன் தொகையைச் சர்க்கார் பறித்தபோது, மகாதேவ தேசாய் அதைக் கையால் எழுதியே வெளியிட்டார். அவரும் சிறைக்கு வந்து சேர்ந்தார். ஜவாஹர்லால் நேருவோடு ஒரே சிறையில் ஜோசப் இருந்தார். வெளியே வந்ததும், காந்தி எரவாடா சிறையில் இருந்த 1923-இல், 'யங் இந்தியா'வுக்கு ஆசிரியரானார். ராஜாஜியிடமிருந்து அந்தப் பொறுப்பு இவரிடம் வந்தது. மதுரை ஜில்லா கோர்ட்டில் போலீஸ் வழக்குகளில் நின்றுகொண்டிருந்தவர் நான்கு ஆண்டுகளில் காந்தியின் பத்திரிகைக்கே ஆசிரியராகிவிட்டார்.

1924 மார்ச் 30-இல் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. கோயிலுக்குள் போகும் போராட்டம் அல்ல அது. கோயிலைச் சுற்றிய தெருவில் ஈழவரும் புலையரும் நடக்கலாமா என்ற போராட்டம். டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனனோடு ஜோசப்பும் முன்னால் நின்றார். ஏப்ரல் 6-ஆம் தேதி காந்தி அவருக்குக் கடிதம் எழுதினார்: தீண்டாமை இந்துக்களின் பாவம், அதற்கான பரிகாரத்தையும் அவர்களே செய்யட்டும், நீங்கள் ஒதுங்கியிருங்கள் என்பது சாரம். ஜோசப் ஒதுங்கவில்லை. ஏப்ரல் 11-இல் கைதானார். தலைவர்கள் வரிசையாகச் சிறைக்குப் போனதும், ஈரோட்டிலிருந்து பெரியார் வரவேண்டும் என்று எழுதிப்போன அழைப்பில் ஜோசப்பின் பங்கு உண்டு. பெரியார் வந்தார். அதன் பிறகு நடந்தது தமிழ்நாடு அறிந்தது.

இந்த இடத்தில் நான் ஜோசப்பின் பக்கம். காந்தி அதை மத விஷயமாகப் பார்த்தார். ஜோசப் அதைக் குடிமகனின் உரிமையாகப் பார்த்தார். பொதுத் தெருவில் நடக்க ஒருவனுக்குப் பிறப்பு தடையாகலாமா என்ற கேள்வியில் இந்து, கிறிஸ்தவன் என்ற பிரிவு எங்கே வருகிறது? உசிலம்பட்டியில் பிறந்தவன் இரவில் வீட்டில் படுக்கக் கூடாது, வைக்கத்தில் பிறந்தவன் பகலில் தெருவில் நடக்கக் கூடாது. ஒன்றை வெள்ளைக்காரனின் சட்டம் சொன்னது, மற்றொன்றை நம் சாஸ்திரத்தின் பெயரால் நாமே சொன்னோம். இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்த அரசியல்வாதி அந்தத் தலைமுறையில் மிகக் குறைவு. மதுரை கோர்ட்டில் ரேகைச் சட்ட வழக்குகளில் நின்றவருக்கு வைக்கம் தெரு புரிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1925-இல் மதுரைக்குத் திரும்பி மறுபடியும் தொழிலில் உட்கார்ந்தார். காங்கிரசோடு மனக்கசப்பு வந்தது. சில ஆண்டுகள் விலகியே இருந்தார். தொழிலை விட்டு, சிறைக்குப் போய், பத்திரிகை நடத்தி, திரும்பி வந்தவருக்குக் குடும்பச் சுமையும் உடல்நலக் குறைவும் காத்திருந்தன. ஆனால் வழக்குகள் வந்துகொண்டிருந்தன. 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜரைச் சேர்த்தது போலீஸ். வரதராஜுலு நாயுடு முன்னின்றார், ஜோசப் வாதாடினார், வழக்கு பொய் என்று நிரூபணமானது. 1918-இல் குற்றவாளிக் கூண்டில் நின்ற நாயுடுவும் அன்று அவருக்குத் துணை நின்ற ஜோசப்பும் 15 ஆண்டு கழித்து ஒரே பக்கம் நின்று விருதுநகர் இளைஞர் ஒருவரைக் காப்பாற்றினார்கள். 1954-இல் அந்த இளைஞர் இந்த மாநிலத்தின் முதலமைச்சர். அந்த வழக்கு வேறு மாதிரி முடிந்திருந்தால் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை.

காங்கிரசுக்குத் திரும்பி வந்து, 1937-இல் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி தொகுதியிலிருந்து மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தகுதிக்கேற்ற பதவி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது ஒன்றுதான். அதிலும் ஓர் ஆண்டு முழுதாக இருக்கவில்லை. 1938 மார்ச் 5-ஆம் தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் இறந்தார். வயது 50. அவருடைய வாழ்க்கையை முழுமையாக எழுதியவர் பேரன் ஜார்ஜ் கெவர்கீஸ் ஜோசப். இந்தியக் கணித வரலாற்றை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அதே அறிஞர். நூல் 2003-இல் வந்தது. அதுவரை தேசிய வரலாற்று நூல்களில் ஜோசப்பின் பெயர் ஓரிரு வரிகளில் வந்து போனது. ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவர் சாகும்போது ரேகைச் சட்டம் சாகவில்லை. முத்துராமலிங்கத் தேவர் முதலானவர்கள் 1930-களிலும் 40-களிலும் அதை எதிர்த்துப் பெரிய இயக்கம் நடத்தினார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது. நாடு முழுக்க நீங்கியது 1952-இல். கோர்ட்டு வாசலை அடைத்து எழுதிய சட்டம், கோர்ட்டில் தோற்காமலேயே, சட்டசபையில் முடிந்தது. பதிவேட்டில் பெயர் ஏறி, விடுதலையைப் பார்க்காமல் போனவர்கள் எத்தனையோ ஆயிரம்.

சட்டம் போனாலும் அதன் காகிதம் இன்னும் கையை விடவில்லை. சீர்மரபினர் என்று இன்று சொல்லப்படும் சமூகங்களின் பெயர்ப் பட்டியல் அந்த அறிவிக்கைகளிலிருந்து வந்தது. 1979-இல் தமிழக அரசு ஓர் ஆணையில் 'பழங்குடி' என்ற வகைப்பாட்டை எடுத்துவிட்டு 'சமூகம்' என்று மாற்றியது. அதனால் மத்திய அரசின் சலுகைகளுக்கு ஒரு சான்றிதழ், மாநிலத்துக்கு ஒரு சான்றிதழ் என்ற சிக்கல் முளைத்து, அதற்காக மதுரை, தேனி மாவட்டங்களில் பல ஆண்டுகள் போராட்டங்கள் நடந்தன. கொள்ளுத்தாத்தா ரேகை வைக்க மாட்டேன் என்று நின்றார். கொள்ளுப்பேரன் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நிற்கிறான். இதற்கும் ஒரு நல்ல வக்கீல் தேவைப்படுகிறார்.

ஜோசப் இறந்து ஓராண்டும் நான்கு மாதமும் கழித்து, 1939 ஜூலை 8-ஆம் தேதி காலை, மதுரையின் இன்னொரு வக்கீல் தாழ்த்தப்பட்ட மக்கள் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். அந்த வக்கீல் அ. வைத்தியநாத ஐயர். அவர் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)